பந்தய ரேடியோவில் யார் காதில் விழுகிறது? சிம் ரேசிங் அணிகளுக்கான சேனல் விளக்கம்

சிம் ரேசிங், அதாவது கணினியில் ஓடும் கார்ப் பந்தயத்தில், தனியாக ஓட்டிப் பழகியவர்கள் மூன்று நான்கு பேராகச் சேர்ந்து நெடுநேரப் பந்தயம் ஒன்றில் இறங்கினால், முதல் குழப்பம் ரேடியோவில்தான் வரும். அணிக்காரருக்குச் சொன்னது களத்தில் ஓடுகிற அத்தனை பேருக்கும் கேட்டுவிடும். கேட்க வேண்டியவருக்கு மட்டும் கேட்காது. "விளையாட்டுக்குள்ளேயே ரேடியோ இருக்குதே, பிறகு எதற்கு டிஸ்கோர்ட்?" என்று ஒருவர் கேட்பார். "அதுதான் டிஸ்கோர்ட் இருக்குதே, விளையாட்டு ரேடியோவை நிறுத்திவிடுவோம்" என்று இன்னொருவர் சொல்வார். டிஸ்கோர்ட் என்பது விளையாட்டுக்கு வெளியே தனியாக ஓடும் குரல் பேச்சுச் செயலி. இரண்டு பேச்சிலும் பாதி நியாயம் இருக்கிறது.

இலங்கையின் மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கத்திலிருந்து ஓடுகிற அணியை மனதில் வைத்தே இந்த விளக்கம் எழுதப்படுகிறது. ஐரோப்பிய அணிகள் சொல்லித்தரும் முறையை அப்படியே எடுத்தால் இங்கே சரிவராது. சேர்வர் இருக்கும் தூரம் வேறு, கரண்ட் நிலைமை வேறு, ஒரே வீட்டு இணைப்பில் எத்தனை பேர் தொங்குகிறார்கள் என்பதும் வேறு.

ஓர் உதாரண அணியை எடுத்துக்கொள்வோம். ஒருவர் மட்டக்களப்பின் கல்லடியில் இருக்கிறார், ஒருவர் கல்முனையில், ஒருவர் அக்கரைப்பற்றில். நாலாமவர் வேலைக்குப் போன இடத்தில், கட்டாரில். நால்வரும் ஒரே காரை மாறி மாறி ஓட்டப்போகிறார்கள்.

சேனல் என்பது என்ன?

கடலில் போகிறவர்களுக்கு இது புதிதல்ல. விஎச்எஃப் ரேடியோவில் 16ஆம் சேனல் உலகம் முழுவதும் ஆபத்துக்கும் அழைப்புக்கும் ஒதுக்கப்பட்டது. அதன் அலைவரிசை 156.8 மெகாஹேர்ட்ஸ். ஒருவரை அதில் கூப்பிடலாம். ஆள் கிடைத்ததும் இருவரும் வேறொரு சேனலுக்கு மாறிக் கதைக்க வேண்டும். 16இல் நின்று நீளமாகக் கதைத்தால், ஆபத்தில் இருக்கிறவனின் குரலை மறைத்துவிடுவோம். பந்தய விளையாட்டின் ரேடியோவும் இதே ஒழுங்கில் கட்டப்பட்டதுதான். எல்லோருக்கும் பொதுவான சேனல் ஒன்று, அணிக்குள் மட்டும் கேட்கும் சேனல் ஒன்று, பந்தயத்தை நடத்துகிறவர்களுக்கு ஒன்று.

ஆனால் இங்கே உண்மையான அலை எதுவும் இல்லை. மைக்கில் விழும் குரல் சிறு சிறு துண்டுகளாகச் சுருக்கப்பட்டு, இணையத்தின் வழியே ஒரு சேர்வருக்குப் போகிறது. அந்தச் சேர்வரிடம் ஒரு பட்டியல் இருக்கிறது: இந்தச் சேனலில் பேசினால் இன்னின்னாருக்கு அனுப்பு. அந்தப் பட்டியலுக்கு வைத்த பெயர்தான் சேனல். ஆகவே பேசும் பொத்தானை அழுத்துமுன் ஒவ்வொரு தடவையும் தெரிந்திருக்க வேண்டியது, இப்போது எந்தப் பட்டியல் தேர்வாகியிருக்கிறது என்பது.

ஐரேசிங்கில் உள்ள சேனல்கள்

உள்ளேயே ரேடியோவை வைத்திருக்கும் விளையாட்டுகளில் ஐரேசிங்கை உதாரணமாக எடுக்கலாம். 2008இல் வெளிவந்த விளையாட்டு. ஒரே காரைப் பலர் மாறி மாறி ஓட்டும் வசதி 2014இல் வந்தது. அதன் பிறகுதான் அணி ரேடியோவுக்கு உண்மையான வேலை வந்தது. முக்கியமான சேனல்கள் இவை:

1. ஆல் டீம்ஸ். பந்தய அறைக்குள் இருக்கும் எல்லோருக்கும் கேட்கும். சாரதிகள், காத்திருக்கும் அணிக்காரர்கள், எல்லோரும் இதில் அடக்கம்.

2. டிரைவர்ஸ். சாரதிகளுக்கானது.

3. டீம். உங்கள் அணிக்கு மட்டும். காரில் இருப்பவர், அடுத்து ஏறப்போகிறவர், ஓட்டாமல் உதவிக்கு நிற்பவர் எல்லோரும் இதில் தானாகவே சேர்ந்துவிடுவார்கள். யாரையும் அழைத்துச் சேர்க்கத் தேவையில்லை.

4. ரேஸ் கன்ட்ரோல், அட்மின். பந்தயத்தை நடத்துகிறவர்கள் பக்கம். லீக் பந்தயங்களில், அதாவது ஒரு குழு தானே ஒழுங்குசெய்து நடத்தும் தொடர்களில், நடுவர் அறிவிப்புகளுக்குப் பயன்படும்.

5. பிரைவேட். தனி ஒருவரோடு கதைப்பதற்கு.

சேனல்களைத் தனித்தனியாக ஊமையாக்கலாம். எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து கேட்கவும் விடலாம். குழப்பம் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் பிறக்கிறது. கேட்பது ஒரு பக்கம், பேசுவது இன்னொரு பக்கம். ஐந்து சேனலைக் கேட்டுக்கொண்டிருந்தாலும், பொத்தானை அழுத்தினால் குரல் போவது தேர்வாகியிருக்கும் ஒன்றுக்கே. அணிக்காரர் குரல் காதில் விழுகிறது என்பதற்காக நாம் பேசுவதும் அவருக்கு மட்டும் போகிறது என்று நினைத்துவிடக் கூடாது.

எல்லா விளையாட்டிலும் இது இல்லை. அசெட்டோ கோர்சா கொம்பெட்டிசியோனேயில் சாரதி மாற்றம் உண்டு. குரல் ரேடியோ உள்ளே இல்லை. அங்கே ஓடும் அணிகளுக்கு டிஸ்கோர்ட், டீம்ஸ்பீக், மம்பிள் போன்ற வெளிச் செயலிகள்தான் வழி. கீழே விளையாட்டு ரேடியோவைப் பற்றிச் சொல்வது அவர்களுக்குப் பொருந்தாது, மற்றதெல்லாம் பொருந்தும்.

நிஜப் பந்தயத்தில் ரேடியோ

இந்தச் சேனல் ஒழுங்கு நிஜப் பந்தயத்திலிருந்து வந்தது. அமெரிக்காவின் நாஸ்கார் பந்தயத்தில் ஸ்பொட்டர் என்று ஒருவர் உயரமான இடத்தில் நின்று, சாரதியின் கண்ணுக்குப் படாததைச் சொல்லிக்கொண்டே இருப்பார். அந்தப் பேச்சை ரசிகர்களும் ஸ்கேனர் வாங்கிக் கேட்கலாம்.

ஃபோர்முலா 1 வேறு பாதையில் போனது. சாரதி காரைத் தானே, உதவியின்றி ஓட்ட வேண்டும் என்ற விதியை வைத்து, 2016இல் ரேடியோவில் சொல்லக்கூடியவற்றை மிகவும் இறுக்கினார்கள். அந்த ஆண்டு பிரித்தானியப் பந்தயத்தில் நிக்கோ ரொஸ்பேர்க்கின் கியர்பொக்ஸில் கோளாறு. ஏழாம் கியரில் நிற்காமல் கடந்துபோகும்படி அணி சொன்னது. அந்தச் செய்திக்காக 10 விநாடி தண்டனை. இரண்டாம் இடம் மூன்றாக இறங்கியது. அதே ஜூலை மாதத்திலேயே, ஜெர்மனிப் பந்தயத்திலிருந்து அந்தக் கட்டுப்பாடுகளில் பெரும்பகுதி நீக்கப்பட்டது.

சிம் ரேசிங்கில் இத்தகைய தடை வழக்கத்தில் இல்லை. என்ன வேண்டுமானாலும் சொல்லலாம். அதனால்தான் அளவுக்கு மீறிச் சொல்லிவிடுகிறோம்.

கல்லடியிலிருந்து கல்முனைக்கு, ஃபிராங்ஃபேர்ட் வழியாக

கல்லடிக்கும் கல்முனைக்கும் இடையில் ஏறக்குறைய 40 கிலோமீட்டர். பஸ்ஸில் ஏறினால் போய்விடலாம். ஆனால் பந்தயச் சேர்வர் ஜெர்மனியின் ஃபிராங்ஃபேர்ட்டில் இருந்து, குரலும் அங்கே போய்த் திரும்புவதாக வைத்துக்கொண்டால் கணக்கு இப்படி வரும்.

கண்ணாடி இழைக்குள் ஒளி ஒரு மில்லி விநாடியில் சுமார் 200 கிலோமீட்டர் ஓடும். மட்டக்களப்பிலிருந்து ஃபிராங்ஃபேர்ட்டுக்கு நேர்கோட்டில் ஏறக்குறைய 8,000 கிலோமீட்டர். போக 40 மில்லி விநாடி, கல்முனைக்குத் திரும்பி வர இன்னொரு 40. இது இயற்கை விதிக்கும் குறைந்தபட்சம். எந்த நிறுவனத்தின் இணைப்பாலும் இதை மீற முடியாது. உண்மையில் கேபிள் நேர்கோட்டில் போவதில்லை. கொழும்பில் கரையேறும் சீ-மீ-வீ 4, மாத்தறையில் கரையேறும் சீ-மீ-வீ 5 போன்ற கடலடிக் கேபிள்கள் அரபிக் கடல், செங்கடல், எகிப்து என்று சுற்றித்தான் ஐரோப்பாவை அடைகின்றன. அதற்கு முன் மட்டக்களப்பிலிருந்து கொழும்புப் பக்கம் போக வேண்டிய தரைவழியும் இருக்கிறது.

அப்புறம் குரலுக்கே உரிய தாமதம். இன்று பெரும்பாலும் பயன்படும் ஓப்பஸ் என்ற சுருக்கும் முறை 2012இல் தரநிலையானது. அது வழக்கமாகக் குரலை 20 மில்லி விநாடித் துண்டுகளாக வெட்டுகிறது. துண்டு நிறைந்த பிறகுதான் அனுப்ப முடியும். பெறும் பக்கத்திலும், முன்பின்னாக வரும் துண்டுகளை ஒழுங்குபடுத்தச் சிறிது நேரம் சேர்த்து வைப்பார்கள். எல்லாம் கூட்டினால் கால் விநாடி போய்விடுவது அதிசயமில்லை.

கால் விநாடி பெரிய விஷயமா? மணிக்கு 250 கிலோமீட்டரில் ஓடும் கார் ஒரு விநாடிக்கு 69 மீட்டர் போகும். கால் விநாடியில் 17 மீட்டர். ஜீடி3 என்ற பந்தய வகுப்பின் கார் ஒன்று ஏறக்குறைய 5 மீட்டர் நீளம். அதாவது மூன்று காருக்கு மேற்பட்ட தூரம்.

இதில் பலர் கவனிக்காத இன்னொரு தாமதம் ஒளிந்திருக்கிறது. கல்முனையில் உட்கார்ந்து பார்க்கிற உதவியாளர் காண்பதும் பழைய காட்சிதான். கல்லடியில் கார் திரும்பிய செய்தி சேர்வருக்குப் போய், அங்கிருந்து கல்முனைக்கு வந்த பிறகுதான் அவர் திரையில் கார் திரும்பும். அதைப் பார்த்து அவர் வாய் திறந்து, அந்தக் குரல் அதே நீண்ட வழியில் திரும்பிப் போக வேண்டும். காட்சி வரும்போது ஒரு தாமதம், குரல் போகும்போது இன்னொன்று.

இதிலிருந்து வரும் முடிவு தெளிவானது. பக்கத்தில் கார் இருக்கிறதா, இடம் விட்டுவிட்டதா என்பதை மனிதர் சொல்லக் கூடாது. விளையாட்டுக்குள் இருக்கும் தானியங்கி ஸ்பொட்டரோ, குரூ சீஃப் போன்ற இலவச மென்பொருளோ சாரதியின் சொந்தக் கணினியிலேயே கணக்குப் போட்டுச் சொல்கிறது. அதற்குக் கடல் தாண்ட வேண்டியதில்லை. மனிதக் குரல், இரண்டு மூன்று விநாடி தாமதித்தாலும் பயன்படும் செய்திக்கு: மூன்று வளைவு தள்ளி யாரோ சுழன்று நிற்கிறார், பின்னால் நம்மைவிட வேகமான வகுப்புக் கார் ஆறு விநாடியில் வந்துவிடும், இந்தச் சுற்று முடிவில் பிட்டுக்குள் (டயர் மாற்றி எரிபொருள் நிரப்பும் இடம்) வா, எரிபொருள் இன்னும் ஏழு சுற்றுக்குப் போதும்.

டிஸ்கோர்ட் இந்தக் கணக்கில் சற்று முந்துகிறது. குரல் சேர்வரின் இடத்தை நாமே தேர்ந்தெடுக்கலாம். இந்தியாவும் சிங்கப்பூரும் பட்டியலில் இருக்கின்றன. கல்லடிக்காரர் கதைப்பது ஐரோப்பா போகாமலே கல்முனைக்கு வந்துவிடும். கட்டாரில் இருப்பவருக்கும் இந்தியா பக்கம்தான். டேட்டா செலவு பயப்படும் அளவுக்கு இல்லை. விநாடிக்கு 64 கிலோபிட் என்ற வழக்கமான அளவில், ஒருவர் மூச்சுவிடாமல் ஒரு மணி நேரம் கதைத்தால்கூட 29 மெகாபைட்டுக்குள் அடங்கும்.

அப்படியானால் விளையாட்டு ரேடியோ எதற்கு?

விளையாட்டு ரேடியோ தரும் ஒரு சான்று

டிஸ்கோர்ட்டில் "நான் ரெடி" என்று ஒருவர் சொன்னால், அவர் கட்டிலில் படுத்துக்கொண்டு போனில் சொல்லியிருக்கலாம். விளையாட்டின் டீம் சேனலில் "நான் ரெடி" என்று குரல் வந்தால், மூன்று விஷயம் ஒரேயடியாக உறுதியாகிறது. அவருடைய கணினி ஓடுகிறது. விளையாட்டு இற்றைப்படுத்தப்பட்டுத் திறந்திருக்கிறது. அவர் சரியான பந்தய அறைக்குள் வந்திருக்கிறார்.

சாரதி மாற்றத்துக்கு இதைவிட முக்கியமான செய்தி கிடையாது. கார் பிட்டுக்குள் வந்து நிற்கும், ஓட்டியவர் இறங்குவார், அடுத்தவர் ஏற வேண்டும். ஏற வேண்டியவரின் கணினி அந்த நேரம் பார்த்து இற்றைப்படுத்தல் இறக்கிக்கொண்டிருந்தால் கார் அப்படியே நிற்கும். ஆகவே அடுத்த சாரதி அரை மணி நேரம் முன்னதாகவே பந்தய அறைக்குள் வந்து, டீம் சேனலில் குரல் கொடுத்து, பதில் வாங்க வேண்டும். டிஸ்கோர்ட்டில் ஆயிரம் முறை கதைத்திருந்தாலும் இதை விட்டுவிடக் கூடாது.

நேர வேறுபாடும் இதில் சேர்கிறது. கிரீனிச் நேரம் பகல் 12 மணிக்குத் தொடங்கும் 24 மணி நேரப் பந்தயம் இங்கே மாலை 5.30க்குத் தொடங்கி மறுநாள் மாலை 5.30க்கு முடியும். கட்டாரில் மாலை 3 மணி. நள்ளிரவுக்குப் பிறகு ஏற வேண்டியவர் தூங்கிவிட்டால் எழுப்ப வழி போன் மட்டும்தான், எந்தச் சேனலும் உதவாது. சுபஹ் தொழுகைக்குப் போகிறவர், ஞாயிறு காலைப் பூசைக்குப் போகிறவர் யார் என்பதைப் பார்த்து ஓட்ட முறையைப் பிரித்தால், அந்த நேரங்களில் யார் ரேடியோவில் இருப்பார் என்பதும் தானே தெளிவாகிவிடும்.

எது அறுந்தால் எது மிஞ்சும்?

இந்தக் கட்டுரையின் மையமே இதுதான். டிஸ்கோர்ட்டா, விளையாட்டு ரேடியோவா என்று கேட்பதைவிட, ஒன்று அறுந்தால் மற்றது மிஞ்சுமா என்று கேட்க வேண்டும். ஒவ்வொரு கோளாறாகப் பார்க்கலாம்.

1. சாரதியின் விளையாட்டு மட்டும் நின்றுபோகிறது. அவருடைய விளையாட்டு ரேடியோவும் அதோடு போய்விடும். மற்றவர்கள் திரையில் காரைக் காணவில்லை, ஏன் என்று தெரியாது. டிஸ்கோர்ட் வெளியே தனியாக ஓடுவதால் "கேம் விழுந்துட்டு, நீ ஏறு" என்று ஒரு வார்த்தை சொல்ல முடியும்.

2. வீட்டு இணைய இணைப்பு போகிறது. கணினியில் இருக்கும் விளையாட்டு ரேடியோவும் டிஸ்கோர்ட்டும் சேர்ந்தே போகும். இரண்டு செயலி வைத்திருந்தும் பாதை ஒன்றுதான் என்பது அப்போதுதான் புரியும். போனில், மொபைல் டேட்டாவில் டிஸ்கோர்ட் இருந்தால் மட்டும் குரல் மிஞ்சும்.

3. கரண்ட் போகிறது. கணினி, ரவுட்டர், ஃபைபர் பெட்டி மூன்றும் அணையும். போன் பற்றரியில் உயிரோடு இருக்கும். தொலைபேசிக் கோபுரங்களும் பற்றரியில் சிறிது நேரம் தாங்கும்.

4. டிஸ்கோர்ட் சேவையே தடைப்படுகிறது. அரிதுதான், ஆனால் நடக்கும். டீம் சேனல் அப்போது கைகொடுக்கும்.

5. பந்தயச் சேர்வர் விழுகிறது. எல்லா அணிக்கும் ஒரே நேரத்தில் எல்லாம் போய்விடும். அடுத்து என்ன செய்வது என்று முடிவெடுக்க வெளிச் சேனல் தேவை.

இத்தகைய கோளாறுகள் பெரிய அணிகளையும் விடுவதில்லை. 2023 ஜனவரியில் ஆர்ஃபாக்டர் 2 விளையாட்டில் நடந்த லு மான் 24 மணி நேர மெய்நிகர் பந்தயத்தில் சேர்வர் சிக்கலால் பந்தயத்தை இடையில் நிறுத்த வேண்டி வந்தது. முன்னணியில் இருந்த, ஃபோர்முலா 1 உலகச் சாம்பியன் மக்ஸ் வெர்ஸ்டாப்பனின் டீம் ரெட்லைன் காரின் தொடர்பு அறுந்து, கடைசியில் அந்தக் கார் பந்தயத்திலிருந்தே விலகியது. உலகச் சாம்பியனும் சிறந்த கணினிகளும் இருந்த இடத்திலேயே இப்படி என்றால், நாம் அறுந்துபோகும் நேரத்துக்கு ஆயத்தமாக இருப்பது பயந்தாங்கொள்ளித்தனம் ஆகாது.

மூன்றாவது கோளாறு நமக்கு மிக நெருக்கமானது. 2022 மார்ச் இறுதியில் நாளுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு இருந்த காலத்தில், ரவுட்டருக்கான சிறிய யூபிஎஸ் பற்றரிப் பெட்டிகள் நாடு முழுவதும் பழக்கமாகின. அந்த நிலைமை இப்போது இல்லை. ஆனாலும் கிழக்கில் மாரிக்காலம் ஒக்டோபர் பிற்பகுதி தொடங்கி ஜனவரி வரை நீள்கிறது. காற்றுக்கு மரம் முறிந்து கம்பியில் விழுவது அந்த மாதங்களில்தான். ஐரேசிங்கின் டேடோனா 24 மணி நேரப் பந்தயமும் ஜனவரியில்தான் வருகிறது. அதில் ஓட நினைக்கிற அணி, ஸ்டியரிங்கை விடக் குறைந்த விலையில் கிடைக்கும் அந்தச் சிறு யூபிஎஸ்ஸை முதலில் வாங்கலாம். ரவுட்டரும் ஃபைபர் பெட்டியும் இழுப்பது சொற்ப மின்சாரம். கணினி அணைந்தாலும் வீட்டு வைஃபை உயிரோடிருந்தால் போன் வழியே அணியோடு கதைக்கலாம்.

இதிலிருந்து ஒரு பங்கீடு தானாகவே உருவாகிறது. பந்தயத்துக்குள் நடக்கும் வேலைக்கு, அதாவது பிட், எரிபொருள், சாரதி மாற்றம் போன்றவற்றுக்கு, விளையாட்டின் டீம் சேனல். காத்திருப்பவர்களின் பேச்சுக்கும், கோளாறு நேரத்துக்கும் டிஸ்கோர்ட், அதுவும் போனில். காரில் இருப்பவருக்கு டிஸ்கோர்ட்டின் ஒலியைக் குறைத்து வைக்கலாம், முழுவதும் மூடிவிடக் கூடாது.

விளையாட்டு ரேடியோவில் குரல் தெளிவில்லாமல், தாமதமும் தாங்கமுடியாத அணிகள் தலைகீழாகவும் வைத்துக்கொள்ளலாம்: வேலைப் பேச்சு டிஸ்கோர்ட்டில், வருகைச் சான்றுக்கு மட்டும் டீம் சேனல். எப்படியானாலும் முடிவு பந்தயத்துக்கு முன் எடுக்கப்பட்டு, நால்வருக்கும் ஒன்றாக இருக்க வேண்டும். ஆளுக்கொரு சேனலில் நின்றால் எந்த ஏற்பாடும் உதவாது.

மைக், மின்விசிறி, வெட்டுப்படும் முதல் எழுத்து

குரல் கேட்டதும் தானாகத் திறக்கும் மைக் முறை நமது வீடுகளுக்குப் பொருந்தாது. தலைக்கு மேல் மின்விசிறி, ஜன்னலுக்கு வெளியே கோயில் ஒலிபெருக்கி, பக்கத்து அறையில் தொலைக்காட்சி. எல்லாமே மைக்கைத் திறந்துவிடும். அணியில் நால்வரும் அப்படி இருந்தால், சாரதி ஓட்டுவது நான்கு வீட்டின் இரைச்சலுக்கு நடுவே. ஸ்டியரிங்கில் இருக்கும் ஒரு பொத்தானை அழுத்திப் பேசும் முறைதான் சரி. அணி சேனலுக்கு ஒரு பொத்தான், டிஸ்கோர்ட்டுக்கு வேறொரு பொத்தான். இரண்டையும் ஒன்றாக்கினால் எல்லாம் இரட்டையாகக் கேட்கும்.

இந்த முறையிலும் ஒரு பலவீனம் உண்டு. அவசரத்தில் பொத்தான் அழுந்துமுன்னே வாய் திறந்துவிடும், முதல் ஒலி வெட்டுப்படும். தமிழில் பக்கம் சொல்லும்போது இது ஆபத்து. "இடது", "வலது" இரண்டிலும் முதல் எழுத்து போய்விட்டால் மிஞ்சுவது "டது", "லது". இயந்திர இரைச்சலில் இரண்டும் ஒன்றுபோலத்தான் கேட்கும். லெஃப்ட், ரைட் என்பவை முதல் ஒலி போன பிறகும் வேறுபடுவதால் பிழைத்துக்கொள்ளும். அம்பாறை நகரிலிருந்து சிங்கள நண்பர் ஒருவர் அணியில் சேர்ந்தாலும் அதே இரண்டு சொல் போதும். பொத்தானை அழுத்தி, ஒரு கணம் விட்டுப் பேசுவது அதைவிட நல்ல பழக்கம்.

சொல்லும் ஒழுங்கும் முக்கியம். யாருக்கு என்பது முதலில், செய்தி அடுத்து, அதோடு நிறுத்திவிட வேண்டும். சாரதி பதிலுக்குச் செய்தியைத் திருப்பிச் சொல்ல வேண்டும். "இந்தச் சுற்று உள்ளே, டயர் மட்டும்" என்றால் சாரதி "டயர் மட்டும்" என்று திருப்பிச் சொல்ல வேண்டும், வெறும் "சரி" போதாது. எதற்குச் சரி என்று யாருக்கும் தெரியாது. பேசும் நேரமும் அப்படியே: பிரேக் பிடிக்கும் இடத்திலும் வளைவுக்குள்ளும் காதுக்குள் குரல் விழக் கூடாது, நேர்பாதையில் மட்டும். காரில் இருப்பவரோடு ஒரு நேரத்தில் ஒருவரே பேச வேண்டும். மற்ற இருவருக்குச் சொல்ல எதுவும் இருந்தால் அந்த ஒருவர் மூலமாகவே போகட்டும்.

எல்லோருக்கும் கேட்கும் சேனலில்

மோதல் நடந்த கையோடு ஆல் டீம்ஸ் சேனலில் கத்துவது இந்த விளையாட்டின் மிக மோசமான பழக்கம். ஐரேசிங்கின் நடத்தை விதிகள் ஓட்டுவதற்கு மட்டுமல்ல, குரலுக்கும் எழுத்துக்கும் சேர்த்தே பொருந்தும். பாதிக்கப்பட்டவர் முறைப்பாடு செய்யலாம். கணக்கு இடைநிறுத்தப்படும் வரை தண்டனை போகலாம். "தமிழில்தானே திட்டினேன், யாருக்கு விளங்கும்?" என்று நினைப்பது வீண். டொரொண்டோவிலும் லண்டனிலும் பாரிஸிலும் நம்மவர்கள் இருக்கிறார்கள்.

அந்தச் சத்தத்துக்குப் பயந்து சிலர் எல்லாச் சேனலையும் மூடிவிடுகிறார்கள். பொதுப் பந்தயத்தில் ஆல் டீம்ஸை மூடுவதில் தப்பில்லை. இழப்பது, முன்னால் போகும் மெதுவான கார்க்காரர் "நான் உள்பக்கம் நிற்கிறேன், நீ போ" என்று சொல்லும் உதவியை மட்டும்தான். லீக் பந்தயத்தில் மட்டும் ரேஸ் கன்ட்ரோலையும் அட்மினையும் மூடக் கூடாது. பாதுகாப்புக் கார் (விபத்து நேரத்தில் எல்லோரையும் மெதுவாக்க முன்னால் போகும் கார்), மறுதொடக்கம், தண்டனை பற்றிய அறிவிப்பு அங்கேதான் வரும். கேட்கவில்லை என்று நடுவரிடம் சொன்னால் அது விளக்கமாக எடுக்கப்படாது.

பயிற்சி நேரத்திலேயே இதைச் சோதித்துப் பார்ப்பது நல்லது. நால்வரும் பந்தய அறைக்குள் வந்து, டீம் சேனலில் ஒருவர் பின் ஒருவராகப் பெயர் சொல்ல வேண்டும். பிறகு ஒருவர் வேண்டுமென்றே தன் ரவுட்டரை அணைத்துவிட்டு, போனில் டிஸ்கோர்ட்டுக்கு வந்து சேர எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று பார்க்க வேண்டும். ஒரு நிமிடத்துக்கு மேல் எடுத்தால், பந்தயம் முழுவதும் போனில் அந்தச் செயலி திறந்தபடியே, ஊமையாக, சார்ஜில் கிடக்கட்டும்.